காப்போடு போனவர் வீட்டு வாசல்

காலை 6.20, கண்டி. ஏரியைச் சுற்றி நடக்காமல், தலதா மாளிகைக்குள் கால் வைக்காமல் கண்டியைக் கடந்து போன சுற்றுலா விசாக்காரி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பஸ் நிலையத்தில் நின்றபடியே பால் சேர்க்காத ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, ஹேவாஹெட்ட பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தேன். டிக்கெட் நூற்று நாற்பது ரூபாய். தூரம் முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் இரண்டு மணி நேரம் ஆகும், வளைவுகள் அதிகம், வாந்தி வந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள் என்றார் நடத்துநர். கோத்தகிரி மலைப்பாதையில் பிறந்து வளர்ந்தவளிடம் வளைவைப் பற்றிப் பேசுகிறாரே என்று சிரித்துக்கொண்டேன். தலாத்துஓயா தாண்டியதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

நான் ஊர் பார்க்கப் போகவில்லை. ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்துகொண்டு வரப் போனேன். கேள்வி என் அப்பாவுடையது.

அப்பா மருதமுத்து ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அவருக்கு இருபத்து நாலு வயதான வருடம், மாரியம்மன் திருவிழாவில் கரகம் தூக்க அவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். விரதம் இருந்து கையில் காப்பும் கட்டியாயிற்று. காப்புக் கட்டியவர் திருவிழா முடிந்து அதை அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தப்படி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்படும் குடும்பங்களுக்கு வந்த கப்பல் தேதியோ அந்தத் திருவிழாவின் நடுவில் வந்து விழுந்தது. அதை விட்டால் அடுத்த தேதி எப்போது என்று சொல்ல ஆளில்லை. வீட்டில் எல்லாரும் மூட்டை கட்டிவிட்டார்கள். கரகம் தூக்க வேண்டிய நாளன்று விடியற்காலையில், யாரிடமும் சொல்லாமல், கையில் காப்போடு அப்பா போய்விட்டார். இந்தியக் கரையில், மண்டபம் முகாமில் ஒருநாள் அந்தக் கயிறு தானாக இற்று விழுந்தது. அம்மன் தன்னைக் கைகழுவிவிட்டாள் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு ஐம்பது வருடமாக எந்தக் கோயிலுக்குள்ளும் அவர் போனதில்லை. என் கல்யாணம் கோயிலில் நடந்தது. பெண்ணைப் பெற்றவர் வெளியே, செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. இப்போது அவருடைய இதயம் சோர்ந்துவிட்டது, மருத்துவரும் கையை விரித்துவிட்டார். போன மாதம் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

“கடைசி நாள் கரகம் வாசல் வாசலாப் போவும். மேல் லயம், ஏழாம் காம்பரா. அங்க மாரியம்மா நிக்கிறாளா, தாண்டிப் போயிடுறாளான்னு பாத்துட்டு வா. எனக்காகப் பொய் சொல்லாத.”

லயம் என்பது தோட்டத்து வரிசை வீடு; அதன் ஏழாம் காம்பரா, அதாவது ஏழாம் அறை, அப்பாவின் குடும்பம் இருந்த வீடு. சாமி நம்பிக்கை எனக்கு அவ்வளவாகக் கிடையாது. அப்பா மேல் இருக்கிறது. அதனால் கிளம்பினேன்.

காலை 8.45, ஹேவாஹெட்ட. இங்கிருந்து தோட்டத்துக்கு எட்டு கிலோமீட்டர். செல்வம் என்பவருடைய ஆட்டோ கிடைத்தது, ஆயிரத்து இருநூறு ரூபாய் பேசினோம். தோட்டத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. வேடிக்கை பார்க்கக் கூட்டம் போய்விடும்.

“எங்கருந்து வாறீங்க அக்கா?”

“இந்தியா. திருவிழா பாக்கலாம்னு.”

“சொந்தக்காரங்க இருக்காங்களா?”

“யாருமில்ல” என்றேன். காப்போடு ஓடியவரின் மகள் என்று தெரிந்தால் என்ன சொல்வார்களோ என்ற பயம் ஒரு பக்கம். விஷயம் தெரிந்தால் எனக்காக ஒரு நாடகம் போட்டுவிடுவார்களோ என்ற சந்தேகம் இன்னொரு பக்கம்.

மேல் லயத்தைப் பற்றிச் சும்மா கேட்பதுபோல் கேட்டேன். செல்வம் வேகத்தைக் குறைத்தார்.

“அங்க இப்ப யாரும் இல்லீங்க. மண்ணு சரியும்னு மூணு வருசத்துக்கு முந்தி எல்லாரையும் கீழ எறக்கிட்டாங்க. கூரத் தகரத்தையும் கழட்டியாச்சு.”

இவ்வளவு தூரம் வந்தது வீண் என்று நினைத்தேன். “அப்ப கரகம் அங்க போகாதா?”

“போகாம? ஆளுங்கதான அக்கா எறங்குனாங்க. வாசல் அங்கயேதான இருக்கு.”

பிற்பகல் 3.00, மேல் லயம். கீழே புதுவீடுகளின் வாசல்களில் தப்பு அடியும் மஞ்சள் தண்ணீரும் சிரிப்புமாக ஊர்வலம் நடந்தது. மேட்டில் ஏறத் தொடங்கியதும் தப்பு அடிப்பவர்கள் அடியை நிறுத்திவிட்டார்கள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. தேயிலைச் செடிகளுக்கு மேல் பனிமூட்டம் இறங்கி, முன்னால் போகிறவர்களின் முதுகு மட்டும் தெரிந்தது. ஊர்வலத்தோடு வந்த நாய்கள் லயத்தின் முதல் படியில் நின்றுவிட்டன, மேலே ஏறவில்லை. மெல்லிய தூறல் ஆரம்பித்தது.

பதினோரு காம்பராக்கள் ஒரே வரிசையில் இருந்தன. கூரை இல்லை, கதவு இல்லை, சுவரில் சூடன் ஏற்றிய கரி அப்படியே இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வாசலிலும் அன்று காலை யாரோ சாணம் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். ஆள் குடியில்லாத வீட்டு முன்னால் ஈரம் காயாத கோலத்தைப் பார்த்ததும் நான் நின்றுவிட்டேன். என் பக்கத்தில் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு நடந்த ராசாத்தி என்ற பெண், கொழுந்து பறிக்கிறவர், “பயப்படாம வாங்க” என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

முதல் வாசலில் கரகம் நின்றது. வேலாயுதம் என்ற வயதான பூசாரி வெற்றறையைப் பார்த்துக் கேட்டார்.

“இந்த வாசல்ல யாரு இருக்கா?”

எனக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. “காளியம்மா குடும்பம் இருக்கோம் தாயே.”

“காளியம்மா யாரு?” என்று ராசாத்தியிடம் மெதுவாகக் கேட்டேன்.

“செத்துப் பதினாலு வருசமாச்சு. புள்ளைங்க கொழும்புல கடையில நிக்குதுங்க, திருவிழாவுக்குக்கூட வாறதில்ல. அவுங்களுக்காக நாங்க சொல்லுவோம். அவ கேக்குறப்ப பதில் இல்லாம இருக்கக் கூடாதில்ல?”

இரண்டாம் வாசல், மூன்றாம் வாசல். ஒவ்வொன்றிலும் அதே கேள்வி வந்தது. போனவர்கள், செத்தவர்கள், மதம் மாறினவர்கள், அம்மனைத் திட்டிவிட்டுப் போனவர்கள் எல்லாரும் இருப்பவர்களின் வாயால் “இருக்கோம் தாயே” என்றார்கள். பனிமூட்டத்தில் எந்தக் குரல் யாருடையது என்றே தெரியவில்லை. உள்ளேயிருந்து வருகிறதோ என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன்.

ஏழாம் காம்பரா பக்கம் நான் போகவில்லை. வேண்டுமென்றே ஒன்பதாம் வாசலுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன், ராசாத்தியும் கூடவே வந்தார். என் முகத்தைப் பார்த்து யாரும் எதையும் ஊகிக்கக் கூடாது என்ற பிடிவாதம். கரகம் தூக்கி வந்தவர் மணியம், முப்பது வயது இருக்கும். இந்த வருடம்தான் அவருக்கு முதல் தடவை என்று வழியில் சொல்லியிருந்தார்கள்.

ஆறாம் வாசலில் பதில் சொன்னார்கள். கரகம் நகர்ந்தது. ஏழாம் வாசலுக்கு வந்ததும் மணியத்தின் கால் நின்றது.

பூசாரி கேட்டார். “இந்த வாசல்ல யாரு இருக்கா?”

யாரும் பதில் சொல்லவில்லை.

அதுவரை முந்திக்கொண்டு குரல் கொடுத்த பெண்கள் அத்தனை பேரும் தலைகுனிந்து நின்றார்கள். மணியத்தின் கண்கள் மேலே செருகிக் கிடந்தன, உடம்பு லேசாக ஆடியது, பாதம் மட்டும் அசையவில்லை. தூறல் வலுத்தது. கரகத்து வேப்பிலையிலிருந்து தண்ணீர் அவர் நெற்றியில் வழிந்தது. பத்து நிமிடம், இருபது நிமிடம் ஆயிற்று.

“ஏன் யாரும் சொல்லல?” என்றேன்.

ராசாத்தி காதோடு சொன்னார். “மருதமுத்துன்னு ஒருத்தர் வீடு. காப்போட போயிட்டாரு. அவரு காப்பு இன்னும் அவுக்கல, அதனால அவரு ரத்தம் தவிர வேற ஆள் பதில் சொல்ல முடியாது. யாரு தூக்குனாலும் இங்க வந்து நின்னுரும். சில வருசம் அரமணி நேரம்கூட நிக்கும், அப்புறம் அதுவா நகரும்.”

“அவ்வளவு கோவமா?”

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். “கோவம்னா எதுக்கு நிக்கிறா? தாண்டிப் போயிருவாளே.”

எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க நான் முயலவில்லை. செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்ற மனிதர்தான் கண்ணுக்குள் நின்றார். ஐம்பது வருடமாக அவர் அங்கே தள்ளி நின்றிருக்கிறார், இவள் இங்கே வந்து நின்றிருக்கிறாள். இதை அவரிடம் சொல்ல ஒரு ஆள் இல்லாமல் போயிற்றே.

ஒன்பதாம் வாசலிலிருந்து நடந்து வந்தேன். கூட்டம் விலகியது. ஏழாம் காம்பராவின் படியில் ஏறி, அறைக்கு முதுகைக் காட்டி, கரகத்தைப் பார்த்து நின்றேன்.

“மருதமுத்து குடும்பம் இருக்கோம் தாயே.”

சத்தியமாகச் சொல்கிறேன், நான் சொன்னது ஒரு தடவைதான். என் முதுகுக்குப் பின்னால், கூரையில்லாத அந்த அறைக்குள், அதே வார்த்தைகள் ஒரு ஆண்குரலில் கொஞ்சம் தாமதித்து வந்தன. சுவரில் பட்ட எதிரொலி என்று என்னோடு படித்தவர்கள் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அப்போது திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மணியத்தின் வலது கால் நகர்ந்தது.

மாலை 5.30, ஆற்றங்கரை. கரகத்தைத் தண்ணீரில் விட்டார்கள். பூசாரி வேலாயுதம் ஒரு கல்லில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்றுதான் போனேன்.

“ஒங்கப்பன் போன அன்னைக்கி கரகம் தூக்க ஆளில்ல மக. அவசரத்துக்கு என் தலையில வச்சுட்டாங்க. விரதமும் இல்ல ஒண்ணும் இல்ல. மத்தியானம் கருவாட்டுக் கொழம்பு, அதுக்கு மேல ஒரு கிளாஸ் சாராயம். வெளிய சொன்னா திருவிழா நின்னுரும்னு வாய மூடிக்கிட்டேன். ரத்தம் கக்கிச் சாவேன்னு நெனச்சேன்.” ஈரத் துண்டைப் பிழிந்தார். “ஒண்ணும் ஆவல. அந்தத் தலையில ஒக்காந்து அத்தன வாசலுக்கும் வந்தா. அவனக் கேட்டேன்னு சொல்லு. ரெண்டு பேரும் களவாணிப் பயலுகதான்னு சொல்லு.”

மாலை 6.10. ஆற்றிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி, மேட்டு வளைவில்தான் போன் பேச முடியும் என்று சொல்லி, செல்வம் அங்கே ஆட்டோவை நிறுத்தினார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அப்பாவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

“நின்னாப்பா” என்றேன். “இருபது நிமிஷம் நின்னா. ஒவ்வொரு வருஷமும் நிக்கிறாளாம்.”

ஐம்பது வருடத்துக் கேள்விக்குப் பதில் கிடைத்த மனிதர் கதறுவார், கும்பிடுவார் என்று எதிர்பார்த்தேன். வேலை முடிந்து வீடு திரும்ப நேரமாகிவிட்ட மகளைக் கேட்கிற குரலில் அப்பா கேட்டார்.

“அங்க மழையா?”

“ஆமாப்பா, விடாத தூறல்.”

“பாவம்” என்றார். “நனைஞ்சிருப்பா.”