அராபாவின் படுக்கையறை விறகு

மோரி கடற்கரையில் அராபா தவியாவைத் தெரியாதவர்கள் கிடையாது. மலைப்பக்கத்துக் கொக்கோ தோட்டத்திலிருந்து எங்கள் தெருவுக்கு வாழ வந்தவள். வந்த புதிதில் அப்போதுதான் வெட்டிய பச்சை விறகை மலிவாக வாங்கி மீனுக்குப் புகை போட்டாள். மீன் செருப்புத் தோல் மாதிரி கறுத்துப்போனது. வாயில் வைத்தால் கசப்பு. சந்தையில் ஒருத்தி அதை மோந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, இது மீனா, கரியா?" என்று கேட்டாளாம்.

அன்றிலிருந்து விறகில் ஈரம் என்றால் அராபாவுக்கு ஆகாது. இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிக் காது கொடுத்துக் கேட்பாள். கணீரென்றால் வாங்குவாள், தொப்பென்றால் வண்டிக்காரனைத் திட்டி அனுப்புவாள். சந்தேகமாக இருந்தால் கட்டையைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம். மழைக்காலம் வந்துவிட்டால் நல்ல விறகெல்லாம் படுக்கையறைக்குப் போய்விடும்.

அவள் புருஷன் எபோ படகுக்காரன். "கட்டிக்கிட்டது ஒருத்தியை, கூடப் படுத்திருக்கிறது ஒரு காடு" என்று எங்களிடம் புலம்புவான்.

பக்கத்து வீட்டு எசி யாபா அதைக் கேட்டுக் கேட்டுச் சிரிப்பாள். எசியின் வாத்து அராபாவின் மீன் தட்டில் ஏறி மிதித்ததிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. வாத்து செத்தே பல காலம் ஆகிவிட்டது.

ஒரு ஆடி மாதம் மழை விடாமல் கொட்டியது. செவ்வாய்க்கிழமை எங்கள் கரையில் கடலுக்கு ஓய்வு நாள், வழக்கம்போல யாரும் போகவில்லை. மறுநாள் போன படகுகள் விளிம்பு வரை மத்தி மீனோடு திரும்பின. கரையெல்லாம் கூச்சல். ஆனால் அதற்கு முந்தின நாள்தான் காற்றில் எசியின் விறகுக் கொட்டகைக் கூரை பறந்து, அத்தனை விறகும் ஊறியிருந்தது. அவள் அடுப்பு இருமியதே தவிர எரியவில்லை.

அராபா அடுப்பின்மேல் மீன் தட்டுகளை அடுக்கித் தெம்பாகப் பற்றவைத்தாள். படுக்கையறை விறகு முறுகக் காய்ந்திருந்தது. மீனின் கொழுப்பு சொட்டச் சொட்ட நெருப்பு குபீரென்று எழுந்து அடித்தட்டு மீனைக் கருக்கிவிட்டது.

"எபோ! தண்ணி! தண்ணியக் கொண்டாய்யா!"

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எசியின் குரல்.

"எபோ, அந்த அம்மாகிட்டச் சொல்லு, தண்ணிய ஊத்துனா சாம்பல்தான் மீன்ல அப்பும். என் கட்டைய ரெண்டு உள்ள தள்ளுனா நெருப்பு அடங்கும்."

"எபோ, அவங்ககிட்டக் கேளு, சும்மாவா குடுப்பாங்க?"

"எபோ, சொல்லு, காஞ்ச கட்டை எனக்கும் வேணும்னு."

எபோ சுவருக்கு இரண்டு பக்கமும் விறகு சுமந்தான். கொஞ்ச நேரத்தில் கையிலிருந்த கட்டையைக் கீழே போட்டான்.

"நான் என்ன தபால்காரனா? ரெண்டு பேருக்கும் வாய் இருக்குல்ல? பேசித் தொலைங்க!" என்று சொல்லிவிட்டுக் கென்கே சோள உருண்டை தின்னப் போய்விட்டான்.

அராபாதான் முதலில் வாய் திறந்தாள்.

"அக்கா... ஈரக் கட்டைய எப்பப் போடணும்?"

"மொதல்ல காஞ்சதப் போட்டு மீன வேக வை. வெந்தப்புறம் நடுவுல ஒண்ணு வை, போதும். ரொம்ப ஊறினதப் போடாத, கசக்கும்."

"கசக்கும்னு எனக்குத் தெரியாதாக்கா?"

எசி பொங்கிச் சிரித்தாள். அராபாவும்தான். அதன்பிறகு காய்ந்த கட்டைகள் அந்தப் பக்கமும் ஈரக் கட்டைகள் இந்தப் பக்கமும் பறந்தன. கன்னத்தில் வைத்துப் பார்க்காமல் ஒரு கட்டையையும் அராபா அடுப்பில் தள்ளவில்லை. அடித்தட்டு போனது போனதுதான். மற்றத் தட்டுகளில் மீன் பித்தளை நிறத்தில் மின்னியது. வாசனைக்குத் தெருவே கூடிவிட்டது.

மறுநாள் இருவரும் ஒரே லாரியில் சந்தைக்குப் போனார்கள். விறகை மாற்றிக்கொள்ளும் யோசனை முதலில் யாருக்கு வந்தது என்று வழிநெடுகச் சண்டை. தாங்க முடியாமல் டிரைவர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினான். "அத நிறுத்துடா, நாங்க பேசிக்கிட்டிருக்கோம்ல!" என்று இருவரும் சேர்ந்து அவன்மேல் பாய்ந்தார்கள்.