சின்னம்மா போகாத சீமை

சேலம் கடைவீதியில் சின்னம்மா வாங்கிய காப்பிப்பொடி நிற ஸ்வெட்டர் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. மண்டையைப் பிளக்கும் சித்திரை வெயிலில், கடைக்காரர் சிரிக்கச் சிரிக்க, புடவைக்கு மேல் அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். சின்னம்மா இப்போது இல்லை. ஆனால் அந்த ஸ்வெட்டரை வாங்க வைத்தவர்கள் இந்த வருஷமும் பள்ளிபாளையம் வருகிறார்களாம். வழக்கம்போல் மொழிபெயர்க்க வரவேண்டும் என்று எனக்குப் போன் செய்தார்கள். முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார்கள். கேட்கிறார்கள் பாருங்கள், ஏன் என்று!

என் அம்மாவின் தங்கை அவள். விசைத்தறி ஓட்டப் போகும் பெண்களின் கைக்குழந்தைகளுக்கு ஒரு காப்பகம் நடத்தினாள். இங்கிலாந்தில் ஒரு நகரத்துத் தோழமைச் சங்கம் அந்தக் காப்பகத்தோடும், ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டு மாவட்டம் ஒன்றோடும் உறவு வைத்திருந்தது. உதவி என்ற சொல்லே அவர்களுக்கு ஆகாது. நாம் நண்பர்கள், சமமானவர்கள் என்று வாய் கிழியப் பேசுவார்கள். வருஷா வருஷம் வந்து சின்னம்மா வீட்டு அடுப்படி வரைக்கும் நுழைந்து, சட்டி மூடியைத் திறந்து பார்த்துப் படம் பிடிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்கோ அதில் ஒரு சந்தோஷம்.

"ஒறம்பரை வந்தா அப்படித்தான் சாமி. நாமளும் ஒருக்கா அவங்க ஊட்டுக்குப் போயி அடுப்படியைப் பாக்கோணும்" என்பாள். ஒறம்பரையாக, விருந்தாளியாக வந்து நம் வீட்டில் கை நனைத்தவர்கள் வீட்டில் நாமும் ஒருவேளை உண்ணாவிட்டால் அது என்ன உறவு என்பது அவள் எண்ணம். அதனால் சங்கத்தின் ஆண்டுவிழாவுக்கு வரச்சொல்லி அழைப்பு வந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மலாவியிலிருந்து ஒரு நர்சும் வருவதாக இருந்தது. முன்பொரு தடவை கணினித் திரையில் அந்தப் பெண்ணோடு பேச வைத்தார்கள். பாஷை தெரியாமலே இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் புள்ளைக்கு என்று தனியாக ஒரு டின் ஆட்டையாம்பட்டி முறுக்கு வாங்கிக் கட்டி வைத்தாள் சின்னம்மா.

விசா கிடைக்கவில்லை. போனால் ஊர் திரும்புவாள் என்று நம்ப முடியவில்லையாம். காடு கரை இல்லை, புருஷன் இல்லை, பெற்ற பிள்ளை இல்லை, அதனால் அங்கேயே தங்கிவிடுவாளாம். அடப்பாவிகளா! தறிச் சத்தத்தில் தூங்கிப் பழகிய அத்தனை குழந்தைகளை விட்டுவிட்டு, அந்தக் குளிரில் போய் உட்கார்ந்து அவள் என்ன செய்யப் போகிறாள்? சங்கத்தார் ரொம்பவும் வருத்தப்பட்டார்கள். வருத்தப்படுவதற்கு அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. அரசாங்கம் எடுத்த முடிவு, நாங்கள் என்ன செய்ய என்று கையை விரித்தார்கள். மறுபடி விண்ணப்பிக்கலாம், விழாவைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்று நான் கெஞ்சினேன். மண்டபம் பேசியாகிவிட்டதாம். இவர்கள் மட்டும் நினைத்த மாத்திரத்தில் விமானம் ஏறி வரலாம். உனக்கு நிலம் இருக்கிறதா, புருஷன் இருக்கிறானா என்று இவர்களை இங்கே ஒருத்தரும் கேட்டதில்லை. மலாவி நர்சுக்கும் இதே கதிதான் என்று பிறகு தெரிந்தது. சின்னம்மா முறுக்கு டின்னைப் பிரித்துத் தறிக்குப் போகும் பெண்களுக்குக் கொடுத்துவிட்டாள். அழுதிருந்தால்கூட எனக்கு இத்தனை ஆத்திரம் வந்திருக்காது.

விழா முடிந்து அடுத்த தடவை அவர்கள் வந்தபோது, சங்கத் தலைவி காப்பகத்தில் மடிக்கணினியைத் திறந்து வைத்து எல்லோரையும் கூப்பிட்டார். குழந்தைகளைத் தூக்கிப்போக வந்த பெண்களும் சுற்றி நின்றார்கள். திரையில் விழா மேடை. மேடை நடுவில் ஆள் உயரத்துக்கு இரண்டு படங்கள். ஒன்று சின்னம்மா, இன்னொன்று அந்த நர்ஸ். இரண்டு படத்துக்கும் பெரிய ரோஜா மாலை. முன்னால் மெழுகுவத்தி எரிகிறது. உங்கள் ஊரில் எங்களுக்கு மாலை போடுகிறீர்களே, அதைப் பார்த்துத்தான் நாங்களும் கற்றுக்கொண்டோம் என்றார் தலைவி. நீங்கள் எங்களோடு இருந்தது போலவே இருந்தது என்று சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது.

பின்னால் நின்ற ஒருத்தி "அய்யோ தெய்வமே" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். சின்னம்மா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நானும் அந்தப் புள்ளையும் எப்பச் செத்தோம்னு கேட்டுச் சொல்லு சாமி."

ஒரு வார்த்தை குறைக்காமல் அப்படியே ஆங்கிலத்தில் கேட்டேன். வேடிக்கை பேசுகிறாள் என்று நினைத்துத் தலைவி வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, நான் மறுபடியும் கேட்டேன்.