ஒத்தைக்கு நடக்காத வேலை

கேரளத்துக் கொல்லயில் பஞ்சாயத்தின் அந்த வார்டில் சுகுமாரிக்குத் தெரியாத கேட் கிடையாது. பச்சைக் கோட்டை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் பிளாஸ்டிக் குப்பை வாங்கும் ஹரிதகர்ம சேனையில் அவளுக்கு வேலை. எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டம்மா பால் கவரைக் கழுவாமல் நாறவிட்டுத் தருவாள் என்பதெல்லாம் அத்துப்படி. ஆனால் இந்த மூன்று வருடத்தில் ஒரு வீட்டிலாவது உள்ளே வந்து உட்காரச் சொன்னதில்லை. சாக்கை நீட்டுவார்கள், கதவைச் சாத்துவார்கள். சொல்லிக் குற்றமில்லை, அவரவருக்கு அவரவர் அவசரம்.

அவளுக்குப் பேச ஆள் உண்டென்றால் அது வெள்ளறடையில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் பங்கஜாட்சி ஒருத்திதான். இருவரும் ஒரு காலத்தில் ஒரே அண்டி ஆபீசில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து முந்திரிப் பருப்புக்குத் தோலுரித்தவர்கள். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதிலிருந்து பங்கஜாட்சிக்கு நாக்கு குழறிவிட்டது. போனில் பேசினால் ஓர் எழவும் விளங்காது. நேரில் முகத்தைப் பார்த்தால் சுகுமாரிக்கு எல்லாம் விளங்கிவிடும். அதனால் ஞாயிறுதோறும் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். பஸ்ஸில் போகலாம்தான். பனச்சமூட்டில் ஒரு பஸ் மாறி, இறங்கியபின் ரப்பர் தோட்டத்துக்கு நடுவே செங்குத்தாக ஏறவேண்டும். சுகுமாரியின் கால்முட்டு அந்த ஏற்றத்துக்கு ஒத்துக்கொள்ளாது.

அந்தக் கார்தான் ஏழு வாரமாக முற்றத்தில் படுத்துக் கிடந்தது.

அது பாலையன் விட்டுப்போன கார். பாலையன் அவள் கணவன். வீட்டு முற்றத்திலேயே தகரக் கொட்டகை போட்டு இருபத்திரண்டு வருடம் வொர்க்‌ஷாப் நடத்தியவன், இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலையில் பல் தேய்க்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். அவ்வளவுதான். காரை ஸ்டார்ட் செய்தால் என்ஜினுக்குள் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம். டைமிங் செயின் தேய்ந்து தளர்ந்துவிட்டது என்று யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்தது. அந்தச் சத்தத்தோடுதான் அத்தனை வருடம் சமைத்திருக்கிறாள்.

மகன் அனீஷ் மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டான். "அம்மா, அதக் களஞ்சிரு. ஆக்ரிக்காரன்ட்ட சொல்லியாச்சு, திங்கக்கிழமை வந்து இழுத்துட்டுப் போவான். எங்க போவணும்னாலும் ஆட்டோ விளிச்சா போதாதா?"

"அதுக்குள்ள ஓடிச்சுன்னா குடுக்கமாட்டேன் மக்கா."

"ஓடினா வச்சுக்க," என்று சிரித்தான் மகன். ஆக்ரிக்காரனிடம் பழைய இரும்பாகத்தான் போகும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

சுகுமாரி களியக்காவிளைக்குப் போய் புதுச் செயின் கேட்டாள். எந்த வொர்க்‌ஷாப்புக்கு என்றான் கடைக்காரன். வீட்டுக்காக்கும் என்றாள். "கறி வைக்கவா சேச்சி?" "ஓ, தேங்கா அரச்சு ஊத்தி வைக்க." கடைக்காரன் பொட்டலம் கட்டினான்.

இருபத்திரண்டு வருடம் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்த கைக்கு முக்கால் வேலை தெரியும். தெரியாத கால்வாசியை போனில் மலையாள வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டாள். வியாழனும் வெள்ளியும் சாயங்காலங்களில் ஜாக்கி வைத்துத் தூக்கி, முன்சக்கரத்தைக் கழற்றி, பெல்ட், புல்லி, மூடி என்று ஒவ்வொன்றாக இறக்கினாள். உள்ளே கீழே ஒரு பல்சக்கரம், மேலே இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி. செயினில் மூன்று கண்ணிகளுக்கு மட்டும் வேறு நிறம். நிறக் கண்ணி புள்ளியின்மேல் உட்கார வேண்டும். ஒரு பல் தவறினாலும் உள்ளே ஒன்றோடொன்று முட்டி என்ஜின் நாசமாகும், பிறகு ஆக்ரிக்காரன்தான் கதி. சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் செயினை ஏற்றிவிட்டாள்.

மிச்சம் ஒரே ஒரு வேலை. கீழ்ச்சக்கரத்து போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி, கையால் இரண்டு முழுச்சுற்று சுற்றி, புள்ளிகள் திரும்ப நேருக்கு வந்து நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அதற்குத்தான் ஆள் இல்லை. பாலையன் எத்தனை தரம் அடுக்களையைப் பார்த்துக் கூவியிருக்கிறான். "எட்டீ, ஒரு கை பிடி. இது ஒத்தைக்கு நடக்காத வேலையாக்கும்." அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஸ்பேனரைத் திருப்புவாள். அவன் மேலே குனிந்து நின்று புள்ளியைப் பார்ப்பான்.

பக்கத்து வீட்டு ஜெயனிடம் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் உண்டு, பிறகு பார்ப்போம் என்று நழுவினான். அடுத்து, முன்பு பாலையனிடம் வேலை பார்த்து, இப்போது பனச்சமூட்டில் சொந்தமாகக் கொட்டகை போட்டிருக்கும் ஜெனிலுக்குப் போன் செய்தாள். ஆராதனை முடிஞ்சு பத்து மணிக்கு வாறேன் என்றான். ஞாயிறு பத்தானது, பதினொன்றானது. சாயா போட்டு வைத்தாள், அது ஆறிப்போனது. பன்னிரண்டரைக்குத் திரும்பக் கூப்பிட்டாள்.

"அக்கா, பொறுத்துக்கிடணும். வழியில ஒரு வண்டி கெடக்கு, இங்க மாட்டிக்கிட்டேன். செயின் போட்டாச்சுல்லா? நீங்களே திருப்பிப் பாத்திருங்க."

"அதெப்படி? திருப்ப ஒராளு, புள்ளி பாக்க ஒராளு வேணும்லா?"

"யாரு சொன்னா?" ஜெனில் சிரித்தான். "நான் ஒத்தைக்காக்கும் செய்யுதேன். ஆசானும் அப்படித்தான் செய்வாரு."

"பொய் சொல்லாத எலே. அடுக்களையில நிக்கிற என்னைய விளிப்பாரே."

ஜெனில் சிரிப்பை நிறுத்தினான். "அது நீங்க வீட்டில உள்ளப்ப, அக்கா. நீங்க அண்டி ஆபீசுக்குப் போன நாளு அவரு யாரையும் விளிக்கமாட்டாரு. நான் பக்கத்தில நின்னாலும் விளிக்கமாட்டாரு."

சுகுமாரி போனை வைத்துவிட்டுச் சக்கரம் இருந்த இடத்தில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தாள். ஸ்பேனரை மாட்டித் திருப்பினாள். தலையைக் கொஞ்சம் சாய்த்தால் கீழ்ப்புள்ளி தெரிந்தது, நிமிர்ந்தால் மேலே இரண்டும் தெரிந்தன. ஒரு சுற்று. இரண்டு சுற்று. எங்கும் முட்டவில்லை. மூன்று புள்ளியும் சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளைகளாக நேருக்கு வந்து நின்றன. மொத்தமாக ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

கார் பிழைத்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரம். அவளுக்குக் கோபம்தான் வந்தது. படுபாவி மனுசன், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னானா என்று சத்தமாகவே திட்டினாள். கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை. திட்டிக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. கிரீஸ் கையால் கண்ணைத் துடைக்கவும் முடியாமல், அது பாட்டுக்கு வழிய விட்டு உட்கார்ந்திருந்தாள்.

மூடியை ஒட்டி, மற்றதையும் மாட்டி, பசை காய ஒரு ராத்திரி விட்டாள். திங்கள் காலை ஆயிலை ஊற்றிச் சாவியைத் திருப்பினாள். என்ஜின் ஒரு கலகலப்பும் இல்லாமல் சீராக ஓடியது. கயிற்றோடு வந்த ஆக்ரிக்காரன் கேட்டருகே நின்று சத்தத்தைக் கேட்டுவிட்டு, கயிற்றைச் சுருட்டிக்கொண்டு திரும்பிப் போனான். அவள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வெள்ளறடைக்கு வண்டியை விட்டாள்.

பங்கஜாட்சி பாதி வாயால் சிரித்தாள், பாதி வாயால் ஏதோ கேட்டாள். வண்டியை யார் சரியாக்கினார்கள் என்று கேட்கிறாள்.

"நானாக்கும்," என்றாள் சுகுமாரி. கட்டிலில் உட்கார்ந்து, ஜெனில் சொன்னது முதல் எல்லாவற்றையும் சொன்னாள். பங்கஜாட்சி நல்ல கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு சுத்து போதும் அக்கா," என்றாள் சுகுமாரி. "இவரு, எட்டீ இன்னொரு சுத்து, இன்னொரு சுத்துன்னு சொல்லுவாரு. நான் கறி அடிபிடிக்கும்ன்னு ஸ்பேனரப் போட்டுட்டு ஓடிருவேன். ஒரு நாளாவது கூடக் கொஞ்ச நேரம் நின்னு குடுத்திருக்கலாம்."