சும்மாதான் சொன்னேன்

முகம் தெரியாத மனிதர்கள் போடும் சண்டையைச் சம்பளத்துக்குப் படிப்பதுதான் என் தொழில். நீங்களும் படித்திருப்பீர்கள். ஏதோ சமையல் வீடியோ பார்க்கப் போய், கீழே இரண்டு பேர் ஒருவர் குடும்பத்தை ஒருவர் இழுத்துத் திட்டுவதில் மாட்டிக்கொண்டு, இது நிஜமா விளையாட்டா என்று புரியாமல் அன்றைக்குச் சோறு இறங்காமல் இருந்திருப்பீர்கள். ஒரே வித்தியாசம், நீங்கள் பாதியில் எழுந்து போய்விடலாம்.

கம்பெனி சென்னையில். செய்திப் பக்கம், சாப்பாட்டுப் பக்கம், ரயில் பக்கம் என்று சில பக்கங்களின் கமெண்ட்டுகளைக் கவனிக்கிற ஒப்பந்தம் அவர்களிடம் இருக்கிறது. ஆட்கள் புகார் கொடுத்ததும், மெஷினுக்குச் சந்தேகம் வந்ததும் என் லேப்டாப்புக்கு வரும். விருதுநகரில் ஒரு மிளகாய் வத்தல் கமிஷன் கடைக்காரர் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து, தும்மிக்கொண்டே, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தானை அமுக்குவேன். விளையாட்டு, வசை, மிரட்டல். விளையாட்டு என்றால் கமெண்ட் இருக்கும், மற்ற இரண்டும் என்றால் போய்விடும். 'தெரியவில்லை' என்று ஒரு பொத்தான் கிடையாது.

பஸ் ஸ்டாண்டுக்கு வாலே

வேலைக்குச் சேர்ந்த புதிது. சாப்பாட்டுப் பக்கத்தில் எங்கள் ஊர் எண்ணெய் பரோட்டாவின் படம். "இது பரோட்டாவா, வடைக்கு அண்ணனா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். "எங்க ஊரு பக்கம் வந்துராத, வந்தா கால் இருக்காது" என்று இன்னொருவர். "ஆம்பளையா இருந்தா பஸ் ஸ்டாண்டுக்கு வாலே" என்று முதல் ஆள். மணி எத்தனை, எந்தப் பக்கத்து வாசல் என்பதுவரை குறித்துக்கொண்டார்கள். பஸ் ஸ்டாண்டு என் அறையிலிருந்து நடந்து போகிற தூரம்தான். மிரட்டல் பொத்தானை அமுக்கி மொத்தத்தையும் நீக்கினேன். சாயங்காலம் காய் வாங்கப் போனவள் சுற்றுவழியாகப் போய் பஸ் ஸ்டாண்டை எட்டிப் பார்த்துவிட்டும் வந்தேன். அங்கே யாரும் யாரையும் வெட்டவில்லை.

மறுநாள் அந்த முதல் ஆளிடமிருந்து மேல்முறையீடு வந்தது. "மேடமோ சாரோ, நாங்க மாமன் மச்சினன். பரோட்டா திங்க எப்ப வாரதுன்னுதான் பேசிக்கிட்டிருந்தோம். நீங்க அழிச்சதுல நேரம் மாறிப்போயி, அவன் வர்ற வரைக்கும் நான் பசியோட நின்னேன்."

சிரிப்புப் பொம்மை

அடுத்து வந்தது ஒரு கல்லூரிப் பெண்ணின் பாட்டு. வீட்டு அடுப்படியில் நின்று பாடியிருந்தாள், கொஞ்சம் சுருதி விலகியிருந்தது. "உங்க வீட்ல விஷம் வாங்கக் காசில்லையா, நான் அனுப்பவா" என்று ஒருவன் எழுதி, பக்கத்தில் சிரிப்புப் பொம்மை வைத்திருந்தான். அதே மாதிரி வரிசையாக நிறைய. ஒவ்வொன்றின் கடைசியிலும் அதே பொம்மை, கண்ணில் நீர் தெறிக்கச் சிரிப்பது. நான் வசை என்று அமுக்கிக்கொண்டே வந்தேன்.

என் மேலதிகாரி பிரவீன் சென்னையிலிருந்து கூப்பிட்டார். என்னைவிடச் சின்னவர், குணத்தில் குறை சொல்ல முடியாது. சிரிப்புப் பொம்மை இருந்தால் விளையாட்டு, அதுதான் விதி என்றார். "அந்தப் பொண்ணு வாசிச்சா என்ன சார் ஆகும்? வாசிக்கிற எனக்கே நெஞ்சு அடைக்குது" என்றேன். அவர் சொன்னார்: "மேம், உங்களுக்கு எங்க வலிக்குதுன்னு நான் கேக்கல. ரூல்ல அது எங்க வருதுன்னு சொல்லுங்க."

மாடியில் யார்?

எழுத்தில் பார்த்தால் தெரியாத விஷயம் சத்தமாகச் சொன்னால் தெரியும் என்று நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன். "போடா வெண்ண" என்று ஒரு கமெண்ட் வந்தால், முதலில் கோபமாகச் சொல்லிப் பார்ப்பேன். பிறகு கொஞ்சலாக. எது வாயில் இயல்பாக உட்காருகிறதோ அந்தப் பொத்தான். கல்யாணமாகி ஒரே வருஷத்தில் தனியாக வந்துவிட்டவள் நான். அறையில் கேட்பதற்கு ஆள் இல்லை என்ற தைரியம்.

கீழே இருக்கிற வீட்டுக்கார அக்காவுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. ஒரு நாள் மத்தியானம் ஒரு தூக்குவாளி நிறையக் குழம்போடு மேலே ஏறி வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், கதவுக்குப் பின்னாலும் பார்த்தார். "அவுக போயிட்டாகளா?" என்றார். "எவுகக்கா?" என்றேன். "காலையில இருந்து திட்டுறதும் சிரிக்கிறதுமா கேக்குதே. சண்டைன்னாலும் வந்தவுகள வெறும் வயிறோட அனுப்பலாமா, அதான் ரெண்டு பேருக்குக் கொண்டாந்தேன்." யாரும் இல்லை, இதுதான் வேலை என்று லேப்டாப்பைக் காட்டினேன். அக்கா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாளியை வைத்துவிட்டுப் படியிறங்கும்போது சொன்னார்: "ஆளே இல்லாமயா தாயி இம்புட்டுச் சண்ட?"

ரயில் பக்கம்

ரயில் பக்கத்தில் இரண்டு பெரியவர்கள். ஒருவர் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர், இன்னொருவர் ஓய்வுபெற்ற வாத்தியார் என்று அவர்கள் சண்டையிலிருந்தே தெரிந்துகொண்டேன். எந்த வண்டி எந்த பிளாட்பாரத்தில் வரும் என்று ஆரம்பிப்பார்கள். "உமக்கு மூளை தடம் புரண்டுவிட்டது" என்று ஒருவர் முடிப்பார். "உம் மாணவர்கள் பாவம்" என்று மற்றவர். ஒருநாளும் சிரிப்புப் பொம்மை கிடையாது, அதனால் தினமும் என்னிடம் வந்துவிடும். வசைதான் என்று தெரிந்தும் விளையாட்டு என்றே அமுக்கிவந்தேன். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. அவர்கள் நிறுத்திவிட்டால் எனக்குப் பொழுது போகாது என்பதுதான் நிஜமோ என்னவோ.

ஒரு சமயம் வாத்தியார் எழுதுவது நின்றுபோனது. ரயில்வேக்காரர் மட்டும் தப்புத் தப்பாகத் தகவல் போட்டுக்கொண்டே இருந்தார். வேண்டுமென்றே போடுகிறார் என்று புரிய எனக்கே நேரம் பிடித்தது. கடைசியில் ஒரு பழைய சண்டைக்கு அடியில் போய் எழுதியிருந்தார்: "ஐயா, எல்லாம் தப்பாச் சொல்லியிருக்கேன். வந்து திட்டிட்டாவது போங்க."

வாத்தியார் வந்தாரா என்று இன்றுவரை தெரியவில்லை. அந்த வாரமே ரயில் பக்கம் வேறொருவர் கைக்கு மாறிவிட்டது.

லோடு ஜாஸ்தி

எனக்கென்று இருப்பவள் கூடப்பிறந்த அக்கா முத்துலட்சுமி மட்டும்தான். சாத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். காலையில் வேன் ஏறி, சிவகாசி ரோட்டில் உள்ள ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் போவாள். அன்று மதியம் செய்திப் பக்கத்தில் ஒரு கமெண்ட் வந்தது: "சிவகாசிக்காரங்களுக்கு இன்னைக்கே தீபாவளி." கூடவே சிரிப்புப் பொம்மை. சீசன் நேரம், யாரோ சந்தோஷத்தில் போட்டிருக்கிறார் என்று விளையாட்டை அமுக்கினேன். அடுத்தது, "சத்தம் எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சு, செம." அதற்கும் பொம்மை. அதற்கும் விளையாட்டு. மூன்றாவதில் ஒரு புகைப்படம் இருந்தது. வானத்தில் வெள்ளைப் புகை, கீழே கூரை இல்லாத ஓர் அறை.

அக்காவுக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. எல்லார் போனும் வேனில் ஒரு பையில் கிடக்கும், எனக்குத் தெரியும். தெரிந்தும் அடித்துக்கொண்டே இருந்தேன். செய்தியில் கம்பெனி பெயர் வரவில்லை. கமெண்ட்டில் யாராவது சொல்லிவிடுவார்களோ என்று ஒவ்வொன்றாகத் தேடினேன். "ராக்கெட்ல போயிட்டாங்க." "ஃப்ரீ ஷோ." "நிவாரணக் காசு கொட்டுது, இனி அந்தக் குடும்பம் செட்டில்." அழுதுகொண்டே படித்தேன், படிக்காமல் இருக்கவும் முடியவில்லை, எதில் அந்தப் பெயர் இருக்கும் என்று யார் கண்டது?

பிரவீனைக் கூப்பிட்டு, அக்காவைத் தேடிப் போக வேண்டும், விடுங்கள் என்றேன். அவருக்கு நிஜமாகவே வருத்தம், குரலில் தெரிந்தது. ஆனாலும் சொன்னது இதுதான்: "இன்னைக்குன்னு பாத்து லோடு ஜாஸ்தி மேம். எல்லாம் உங்க ஊரு மேட்டர்தான், வேற யாருக்கும் அந்தத் தமிழ் புரியாது."

அவ டப்பாதான்

லேப்டாப்பை அப்படியே விட்டுவிட்டுச் செருப்பு மாட்டும்போது போன் வந்தது. வேன் டிரைவரின் நம்பர், பேசியது அக்கா. வெடித்தது பக்கத்துக் கம்பெனி. இவர்களை வெளியே அனுப்பி, வெயிலில் வெகுநேரம் நிற்க வைத்திருந்தார்கள்.

"ஒனக்கு ஒண்ணுமில்லல்லக்கா?" என்றேன்.

"எனக்கு என்ன, குத்துக்கல்லா இருக்கேன்" என்றாள். அவர்கள் வேன் இரண்டு கம்பெனிக்கும் ஆள் இறக்குகிற வேன். தினமும் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து வருகிற கனகு, பக்கத்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். "கனகுவத் தேடிக்கிட்டு இருக்காக" என்றாள் அக்கா. "அவ டப்பாதான் புள்ள என் மடியில இருக்கு. மத்தியானத்துக்கு ரெண்டு பேரும் மாத்திக்கிட்டோம்."

ரோஜாப்பூ

கனகு கிடைக்கவில்லை. கிடைத்ததை வைத்து அடையாளம் சொன்னார்கள். அக்கா தன் மகளிடம் போனை வாங்கி, அந்தச் செய்திக்குக் கீழே, "தீபாவளி" என்று போட்டவனுக்குப் பதில் எழுதினாள். அவள் எழுதுவதே அபூர்வம். "தம்பி நான் பக்கத்துக் கம்பெனியிலதான் வேலை பாக்கேன். வேன்ல திரும்பி வாரப்ப என் பக்கத்து சீட்டு காலி. அவ பேரு கனகு. சிரிக்காதீக." அதற்கு அவன், "அக்கா ஃபேக் ஐடி, நடிப்பு சூப்பர்" என்று போட, பலர் சேர்ந்து சிரித்து, பொய்க் கணக்கு என்று புகாரும் கொடுத்துவிட்டார்கள். அது சுற்றி என் லேப்டாப்புக்கே வந்து நின்றது.

பிரவீனிடம் சொன்னேன், இது என் சொந்த அக்கா என்று. "நம்புறேன் மேம். ஆனா மேல எப்படிச் சொல்றது? அந்த ஐடியோட ஃபோட்டோல ஆள் இல்ல, ரோஜாப்பூதானே இருக்கு" என்றார். எங்கள் வேலையில் நாங்கள் கமெண்ட் எழுதவே கூடாது. எழுதினேன், என் பெயரில், என் படத்தோடு. "இவங்க என் அக்கா. சொல்றது அத்தனையும் நிசம்." ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, பதில் வந்துவிட்டது: "இந்தா வந்துட்டா ரெண்டாவது ஃபேக் ஐடி."

கனகு

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து கம்பெனி திறக்கிறார்கள், ஆர்டர் தேங்கி நிற்கிறதாம். அந்தப் பையனைக் கண்டுபிடித்துப் போலீஸில் சொல்லலாமா என்று கேட்டேன். அவன் ஒருவேளை நல்லவனாகக்கூட இருப்பான், சும்மா விளையாட்டுக்குத்தான் போட்டிருப்பான் என்றும் சொன்னேன். எதைச் சொன்னால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா சேலையைப் பிழிந்து கொடியில் போட்டாள். சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டாள். "அவன் சிரிச்சிட்டுப் போறான் புள்ள" என்றாள். "கனகுன்னு ஒருத்தி இருந்தான்னே நம்ப மாட்டேன்னுட்டானே."

இப்போதும் அதே வேலையில்தான் இருக்கிறேன். ஊரில் உள்ளவர்கள் பேசுவதையெல்லாம் காலையிலிருந்து கேட்டு முடித்துச் சாயங்காலம் லேப்டாப்பை மூடினால், என்னிடம் பேசுவதற்கென்று யாரும் மிச்சம் இல்லை என்பதைத் தவிர இந்த வேலையில் வேறு குறை ஒன்றும் இல்லை.