பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது

அனுப்பிரியா என்ற பெயரைக் குமுதா முதன்முதலில் கேட்டது ஒரு மழைநாள் காலையில், பிரிக்பீல்ட்ஸில், அப்துல் ரஹீமின் கைப்பேசிக் கடை வாசலில். மூன்று வருஷம் ஆகிறது. யாருடைய போனுக்கோ கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்த ரஹீம், தலையைத் தூக்காமலே பேச்சைத் தொடங்கினார்.

"அக்கா, ஒங்க வீட்ல அந்த ஓரத்து ரூம் சும்மாதானே கெடக்கு? ஊர்லேருந்து ஒரு பொண்ணு வந்திருக்கு. அனுப்பிரியான்னு பேரு. கம்ப்யூட்டர் வேலை. இருக்கிற எடமே தெரியாது, அவ்வளவு அமைதி."

"எந்த ஊரு?"

"கரூராம்."

குமுதாவுக்கு அது போதும். அவள் அப்பா நாகையா ரயில்வேயில் தண்டவாளம் பார்த்தவர். நாகையாவைப் பெற்றவளோடு கூடப் பிறந்தவள் ஒருத்தியைக் கரூர்ப் பக்கம்தான் கட்டிக்கொடுத்தது. அந்த வழியில் ஒருவர் முகத்தையும் குமுதா பார்த்ததில்லை. பார்க்காவிட்டால் என்ன, பெயர்கள் எல்லாம் அத்துப்படி. அன்று சாயங்காலமே ஓரத்து அறையைக் கழுவிவிட்டாள்.

வந்தவளுக்கு இருபத்தேழு வயது. ஒடிசலான உடம்பு, கனத்த கண்ணாடி. ஒரு பழக்கம் அவளிடம் விசித்திரமாக இருந்தது. குளியலறை ஹீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தால் நமக்குப் போதும், வெந்நீர் தயார் என்று வாளியை வைப்போம். அவள் விளக்கைப் பார்க்க மாட்டாள், தண்ணீரில் விரலை வைத்துப் பார்ப்பாள். கதவைப் பூட்டினால் ஒரு முறை இழுத்துப் பார்ப்பாள். "ஏம் பிள்ள, விளக்குதான் எரியுதே," என்று குமுதா கேலி செய்தால், "விளக்கு எரியுதுன்னுதான் தெரியுது ஆன்டி. தண்ணி சுடுதான்னு அது சொல்லாதே," என்பாள்.

குமுதா வீட்டிலிருந்தே மத்தியானச் சாப்பாடு பொட்டலம் போட்டு விற்கிறவள். ஐம்பத்தெட்டு வயது, புருஷன் இல்லை. ஒரே அக்கா வீரம்மா, கேரி தீவில் எஸ்டேட் வீட்டில் இருக்கிறாள். வீரம்மா புருஷன் சின்னையா எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டி ஓய்ந்தவர். போன வருஷம் ஒரு நாள் அவருக்கு வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. நல்ல வேளை, சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் எழுந்து நடந்தார். மறுபடி வந்தால் ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அதற்காகத்தான் குமுதா அந்தப் பெட்டியை வாங்கி அக்கா வீட்டுச் சுவரில் மாட்டச் செய்தாள். வெள்ளைப் பெட்டி, நடுவில் சிவப்புப் பொத்தான், ஓரத்தில் ஒரு சின்னப் பச்சை விளக்கு. பொத்தானை அமுக்கினால் கிள்ளானில் இருக்கும் கட்டுப்பாட்டு அறைக்குச் செய்தி போகும். அவர்கள் பேசுவார்கள், ஆம்புலன்ஸ் அனுப்புவார்கள்.

பெட்டியோடு வந்த காகிதத்தை ஒரு நாள் அனு எடுத்துப் பார்த்தாள்.

"ஆன்டி, இந்தக் கம்பெனியோட அழைப்பெல்லாம் எங்க சர்வர் வழியாத்தான் போகுது!"

"அப்ப எங்க அத்தான் உயிரு ஒங் கையில," என்று குமுதா சிரித்தாள். அனுவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் குமுதா பின்னால் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள்.

அந்த வருஷ மழைக்காலம் முடிவதற்குள் அனுவின் தட்டில் சோறு மிஞ்ச ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் திடீரென்று கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அத்தான் எப்படி இருக்காரு ஆன்டி?" என்றாள். அந்த வாரத்தில் அதே கேள்வி மூன்றாவது தடவை.

"நல்லாத்தான் இருக்காரு. ஒனக்கு என்ன பிள்ள ஆச்சு?"

அனு சொன்னாள். இயந்திரத்துக்குள் வெளியிலிருந்து செய்தி வந்து சேரும் இடம் நெட்வொர்க் கார்டு. முன்பெல்லாம் அழைப்புகளை வேகமாக வாங்கி அனுப்புகிற புரோகிராம் ஒன்று அந்தக் கார்டு முழுவதையும் தன் கையில் வைத்திருந்தது. இயந்திரத்தை ஆளுகிற கெர்னலுக்குக்கூட அதில் இடமில்லை. இப்போது கார்டை இயக்குகிற டிரைவர் என்ற புரோகிராமை மாற்றிவிட்டார்கள். ஒரே கார்டு, இரண்டு பேருக்கும் பொது.

"புரியற மாதிரி சொல்லு."

"இந்த வீட்டையே எடுத்துக்கோங்க. ஒரே வாசல். சாப்பாடு வாங்க வர்றவங்க நேரா அடுக்களைக்கு வந்து ஒங்ககிட்ட வாங்கிட்டுப் போறாங்க. மத்தவங்க, தபால்காரர், பக்கத்து வீட்டுக்காரங்க, எல்லாருக்கும் வாசல்ல உக்காந்து நான் பதில் சொல்றேன். நான்தான் கெர்னல். நீங்க அந்த வேகமான புரோகிராம்."

"சரி."

"எதிர் வீட்ல இன்னொரு சமையக்காரம்மா தயாரா இருக்காங்க. நீங்க விழுந்துட்டா அவங்க உடனே அடுப்பு பத்த வைக்கணும். அதுக்காக நிமிஷத்துக்கு அறுபது தடவை நம்ம வாசலைத் தட்டி, இருக்கீங்களான்னு கேக்குறாங்க. இருக்கோம்னு பதில் போகுது. அந்தப் பதிலைச் சொல்றது யாரு?"

குமுதா யோசித்தாள். "நீதான்."

"நான்தான். நீங்க செத்துட்டீங்கன்னா எனக்குத் தெரிஞ்சிரும், கதவைச் சாத்திருவேன், அவங்க வேலையை எடுத்துக்குவாங்க. ஆனா நீங்க சாகாம மயங்கிக் கெடந்தா? எனக்குத் தெரியாது. நான் பாட்டுக்கு இருக்கோம், இருக்கோம்னு சொல்லிட்டே இருப்பேன். சாப்பாட்டுக்கு வர்றவங்க உள்ள போய்க்கிட்டே இருப்பாங்க. ஒருத்தர்கூடத் திரும்பி வர மாட்டாங்க. அந்தப் பெட்டியில பச்சை விளக்குக்கும் நான்தான் பதில் சொல்றேன். அதுவும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும்."

வெளியே மோனோரயில் போகும் சத்தம் கேட்டு அடங்கியது.

"நான் விழுந்தா சத்தம்கூடவா கேக்காது?"

"கேக்காது ஆன்டி."

அவளுடைய மேலதிகாரி ரிஷி உள்ளூர்ப் பையன். சாலாக் செலாத்தான்காரன், குமுதாவிடம் சாப்பாடு வாங்குகிறவன். மறுவாரம் அவன் பொட்டலம் வாங்க வந்தபோது அனு வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ரிஷி, அந்த டெஸ்ட்டை மறுபடி எடுக்கணும். புரோகிராமைக் கொன்னுதான் பாத்தோம். மயங்க வச்சுப் பாக்கல. நேத்து நானே தனியா நிறுத்தி வச்சுப் பாத்தேன். ரெண்டாவது மெஷின் அசையவே இல்ல."

"ஐயோ அனு, சாப்பாடு வாங்குற எடத்துலயுமா? நீ டெஸ்ட் லேப்ல வேணும்னு நிறுத்தினே லா. நெசத்துல யாரு நிறுத்தப் போறா?"

"அந்த 'இருக்கியா' கேள்வி புரோகிராம் வழியா போய்ட்டு வரணும். கெர்னல் பதில் சொல்லக் கூடாது. அவ்வளவுதான் மாத்தணும்."

"அடுத்த மாசம் பண்ணலாம். பழைய டிரைவர்ல உள்ள என்ன நடக்குதுன்னு பாக்கவே முடியாம நாம பட்ட பாடு மறந்துட்டியா? இப்பத்தான் எல்லாம் நிம்மதியா ஓடுது. நீயும்தானே டெஸ்ட் பேப்பர்ல கையெழுத்துப் போட்டே?" என்று சொல்லிவிட்டு, குமுதா பக்கம் திரும்பி, "ஆன்டி, இந்தப் பிள்ளைக்கு நல்லா ரசம் ஊத்துங்க, பயந்து பயந்து சாவுது," என்று சிரித்துக்கொண்டே போனான்.

கையெழுத்து உண்மைதான். கொன்று பார்த்த அன்று எல்லாரும் கை தட்டினார்களாம். அவளும் தட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். வழக்கமாக விரலை வைத்துப் பார்க்கிறவள் அன்றைக்கு விளக்கை நம்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் ஒரு காரியம் செய்தாள். வீரம்மாவுக்குப் போன் செய்து, தினம் காலை ஒன்பது மணிக்குப் பொத்தானை ஒரு தடவை அமுக்கச் சொன்னாள். அமுக்கினால் அந்த அழைப்பு அடுக்களை வரைக்கும் போய்த்தானே ஆக வேண்டும். யாராவது பேசினால் எல்லாம் சரி. வீரம்மாவும் காப்பி குடித்துவிட்டு அமுக்குவாள். "ஆன்டி, என்ன அவசரம்?" என்று கேட்பார்கள். "ஒண்ணுமில்ல தம்பி, இருக்கீங்களான்னு பாத்தேன்," என்பாள்.

பன்னிரண்டு நாள் அப்படி நடந்தது. பதின்மூன்றாவது நாள் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர் கோபித்துக்கொண்டார். "ஆன்டி, இது வெளையாட்டு சாமான் இல்ல லா. சும்மா சும்மா அமுக்கினா உண்மையான கேஸுக்கு லேட் ஆவும். லைட் பச்சையா இருந்தா எல்லாம் ஓகே." அனுவின் கம்பெனிக்கும் புகார் போனது. யார் சொல்லிக் கொடுத்தது என்று தெரிந்ததும், வாடிக்கையாளர் வீட்டோடு இனி பேசக் கூடாது என்று அனுவுக்கு எழுதியே கொடுத்துவிட்டார்கள். வீரம்மா அமுக்குவதை நிறுத்தினாள்.

அதன் பிறகு வீட்டில் ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது. குமுதா சோற்றைக் கிளறும்போது காரணமில்லாமல் கரண்டியை நிறுத்துவாள். போன் அடித்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்புவார்கள். அடிக்காவிட்டால் அதைவிட மோசம். அனு தினமும் ரிஷிக்கு எழுதினாள். அடுத்த மாசம் வந்தது. இன்னும் ஒரு அடுத்த மாசம் ஆனது.

ஒரு புதன்கிழமை மத்தியானம் ஒன்றே முக்காலுக்கு வீரம்மாவிடமிருந்து போன் வந்தது.

"குமுதா, அத்தானுக்கு மறுபடி இழுத்துக்கிச்சு. ஒரு மணிக்கே அமுக்கிட்டேன். இன்னும் ஆளுங்க வரல. பேசவும் இல்ல."

"முக்கா மணி நேரமா சும்மாவா இருந்தே?"

"பச்சை விளக்கு எரியுதே. வந்துக்கிட்டு இருப்பாங்கன்னு நெனச்சேன்."

குமுதா உடனே அனுவைப் போனில் கூப்பிட்டாள். அனு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "ஆன்டி, பெட்டியை விட்டுருங்க. பக்கத்து வீட்டு வண்டியில தூக்கச் சொல்லுங்க. இப்பவே. நான் இங்க பாக்குறேன்," என்று வைத்துவிட்டாள்.

எஸ்டேட் லோரியின் முன் சீட்டில் சின்னையாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வீரம்மா போனாள். ஜெஞ்சாரோம் தாண்டும்போது அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. ஆஸ்பத்திரியில் அவர் உயிரைக் காப்பாற்றினார்கள். வலக்கை, வலக்கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. ஒரு மணி நேரம் முந்தி வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, வீரம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்துப் பெட்டிக் கம்பெனியிலிருந்து வீரம்மாவுக்குப் போன் வந்தது. குமுதா பக்கத்தில் இருந்தாள்.

"ஆன்டி, எங்க ரிக்கார்ட்ல அன்னிக்கு ஒங்க வீட்லேருந்து ஒரு அழைப்புகூட வரல. பதட்டத்துல நீங்க சரியா அமுக்கியிருக்க மாட்டீங்க."

வீரம்மா போனை வைத்துவிட்டுத் தன் கட்டை விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நாந்தான் அமுக்கலையோ குமுதா?"

அன்று சாயங்காலம் அனு வந்ததும் குமுதா கேட்டாள். "ஒங்க ரிக்கார்டு பொய் சொல்லுதா?"

"பொய் இல்ல ஆன்டி. அன்னிக்கு அந்தப் புரோகிராம் மயங்கித்தான் கெடந்துச்சு. ரிக்கார்டு எழுதுறது கெர்னல் பக்கம். அது அந்த அழைப்பைப் பாக்கவே இல்ல. பாக்காததை வரலன்னுதானே எழுதும்?" அனு பையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். "ஆனா கார்டுக்குள்ளேயே ஒரு எண் இருக்கு. வந்து, எடுக்க ஆள் இல்லாம விழுந்தது எத்தனைன்னு. ரிஷி உடனே மெஷினை ரீஸ்டார்ட் பண்ணச் சொன்னாரு. பண்ணினா அந்த எண் பூஜ்யம் ஆயிடும். அதுக்கு முன்னாடி எழுதிக்கிட்டேன், படமும் எடுத்தேன்."

காகிதத்தில் ஆயிரத்து நூற்றாறு என்று எழுதியிருந்தது.

"அக்கா ஒரு தடவைதானே அமுக்கினா?"

"பதில் வரலன்னா பெட்டி திருப்பித் திருப்பி அனுப்பும். இதுல கொஞ்சம் அக்காவோடது."

"மிச்சம்?"

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"தெரியல ஆன்டி. எந்த வீடுன்னு கார்டு எழுதி வைக்கிறதில்ல."

திங்கட்கிழமை விசாரணை என்றார்கள். ரிஷி ஞாயிற்றுக்கிழமையே வாசலுக்கு வந்தான். அன்று அவன் சிரிக்கவில்லை.

"அனு, யோசிச்சுக்கோ. டெஸ்ட் பேப்பர்ல ஒங் கையெழுத்தும் இருக்கு. நீ இந்த நாட்டுல வேலை செய்யுற பாஸ் கம்பெனி கொடுத்தது."

"கையெழுத்து நான்தான் போட்டேன். அதையும் சொல்லத்தான் போறேன்."

சொன்னாள். எண்ணைக் கொடுத்தாள், படத்தைக் கொடுத்தாள், தன் கையெழுத்தையும் காட்டினாள். வீரம்மா பொத்தானை அமுக்கியது உண்மை என்று அனுவின் கம்பெனி கடைசியில் எழுதிக் கொடுத்தது. அதே வாரம், சோதனையில் கவனக்குறைவு என்று எழுதி அனுவின் பாஸை ரத்து செய்தது. ரிஷியின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை.

வீரம்மா அந்தக் கம்பெனிக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பெட்டிக்குக் கீழே ஆணியில் தொங்கவிட்டிருக்கிறாள். பெட்டியைக் கழற்ற இதுவரை யாரும் வரவில்லை. சின்னையா படுத்திருக்கும் கட்டிலிலிருந்து பார்த்தால் அந்தப் பச்சை விளக்கு தெரியும். அவர் அதைப் பார்த்தபடியே கிடக்கிறார். அந்த எண்ணில் மிச்சம் யார் வீட்டு அழைப்புகள் என்று குமுதா எங்கெங்கோ கேட்டுப் பார்த்தாள். ஒருவரும் சொல்லவில்லை.

அனுப்பிரியா இப்போது கரூரில், அவள் அண்ணன் வீட்டு மாடி அறையில் இருக்கிறாள்.