பெண் பார்க்க வந்த இடத்தில் ஒரு விண்வெளி வில்லி

நேற்று என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். ஒரு வில்லியால் எல்லாம் நின்றுபோகப் பார்த்தது.

(வில்லி நான் இல்லை. அவள் வேற்றுக் கிரகத்துக்காரி.)

நான் மன்னார்குடியில் இயற்பியல் டீச்சர். இதற்கு முன் பார்த்துவிட்டுப் போன ஒரு குடும்பம், "பொண்ணு எதிர்த்து எதிர்த்துப் பேசுது" என்று சொல்லிவிட்டது. அதிலிருந்து அம்மாவுக்குக் கவலை.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுடி. அவங்க போற வரைக்கும் கிளாஸ் எடுக்காத."

வந்தவர் பெயர் சரவணன். முத்துப்பேட்டையில் பிசியோதெரபிஸ்ட். கூட அவருடைய அப்பா, அம்மா. பஜ்ஜி, காபி எல்லாம் முடிந்ததும் என் மாமா, "சின்னவங்க ரெண்டு பேரும் மாடியில கொஞ்சம் பேசிட்டு வரட்டுமே" என்றார்.

மாடியில் துவைத்த போர்வைகளுக்கு நடுவே இரண்டு நாற்காலி. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"லீவு நாள்ல என்ன பண்ணுவீங்க?" என்றார்.

தமிழ் டப்பிங்கில் வரும் ஒரு விண்வெளித் தொடரின் பெயரைச் சொன்னேன். வருஷக்கணக்காக ஓடுகிற தொடர். மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எந்த சீசன்ல இருக்கீங்க?"

"எல்லாம் பார்த்தாச்சு."

"அப்ப வெரினா திரும்ப வந்ததையும் பார்த்துட்டீங்க."

தெரியாதவர்களுக்கு: வெரினாதான் அதில் வில்லி. உடம்பு அழிந்தாலும் மூளையை ஒரு மெஷினில் சேமித்து வைத்திருப்பாள். ஹீரோவான விண்கலக் கேப்டன் அவளைக் கொல்வார். அடுத்த சீசனில் வருவாள். மறுபடி கொல்வார். மறுபடி வருவாள்.

"அதுலதான் எனக்கு வெறுத்தே போச்சு" என்றேன். (அம்மா சொன்னது அதோடு காற்றில் போயிற்று.)

"ஏங்க?"

"கேப்டன் கூட இருந்த அந்த இன்ஜினியர் தன் உயிரைக் கொடுத்துதானே அவளை ஒழிச்சார்? அன்னிக்கு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். அடுத்த சீசன் முதல் எபிசோட்லயே அவ வந்து நிக்கிறா. அப்ப அந்த மனுஷன் எதுக்குங்க செத்தார்?"

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"புது வில்லன் வந்தா கேப்டன் சண்டை போடுவார், அவ்ளோதான். பழைய எதிரி வந்தாத்தான் கேப்டன் எவ்ளோ மாறியிருக்கார்னு தெரியும். முன்னாடி அவளைப் பார்த்தா கோபப்படுவார். இப்ப பரிதாபப்படுறார். அதுக்கு அவ வேணும்ல?"

நல்ல பாயின்ட். ஒப்புக்கொள்ள மனமில்லை.

"மாறினதைக் காட்ட ஒரு தடவை போதும். ஏழெட்டுத் தடவை எதுக்கு? கதை எழுதுறவங்களுக்கு வேற யோசனை வரலைன்னு அர்த்தம்."

"என்னங்க இப்படிச் சொல்லிட்டீங்க" என்று அவர் எழுந்தே விட்டார். குரலும் எழுந்துவிட்டது. "அவ எத்தனை தடவை வந்தாலும் எனக்குப் பிடிக்கும். வெரினா இல்லாம எனக்கு எதுவுமே ரசிக்கலை. போயிட்டா, போயிட்டான்னு நினைக்கிறப்பல்லாம் திரும்ப வந்திருக்கா. இனிமேலும் வருவா, பாருங்க."

மாடிக் கதவு திறந்திருந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. படிக்கட்டு நேராக ஹாலில் இறங்குகிறது.

மாமாதான் முதலில் ஏறி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"தம்பி, யாரு அந்த வெரினா?"

பின்னாலேயே சரவணனின் அம்மா, கண்ணில் தண்ணீரோடு. "சரவணா, இப்படி ஒரு விஷயம் இருக்குன்னு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"அம்மா, அவ டிவியில வர்றவம்மா."

"நடிகையா?" என்றார் மாமா. நிலைமை இன்னும் மோசமானது.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. நிஜமாகவே கலங்கிப் போயிருந்தார்கள். இந்த மனிதர் இப்படியே கிளம்பிப் போய்விடக் கூடாது என்று அப்போதுதான் தோன்றியது.

"அத்தை, அழாதீங்க. அவளுக்கு உடம்பே கிடையாது. கீழ வாங்க, காட்டுறேன்" என்றேன்.

அத்தை என்று நானாகத்தான் கூப்பிட்டேன். யாரும் சொல்லித்தரவில்லை.

ஹாலில் டிவியைப் போட்டு, வெரினா திரும்பி வருகிற எபிசோடை ஓடவிட்டேன். எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து பார்த்தார்கள். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இந்த மூஞ்சிக்கா இவ்ளோ சத்தம் போட்ட?" என்று மகனைக் கேட்டார். என் அம்மா சிரித்தாள். மாமா மட்டும் சந்தேகத்தோடு கடைசிவரை திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எபிசோடின் முடிவில் கேப்டன் வெரினாவை எரித்துச் சாம்பலாக்கினார். அதுவரை வாயே திறக்காத சரவணனின் அப்பா கேட்டார்.

"முடிஞ்சுதா? செத்துட்டாளா?"

"செத்துட்டா" என்றேன் நான்.

"வருவா" என்றார் சரவணன்.

ஹாலே சிரித்தது. மாமாவும்.

இன்று காலை அவர்கள் வீட்டிலிருந்து சம்மதம் என்று போன் வந்தது. அதற்கு முன்பே எனக்கு அவரிடமிருந்து ஒரு மெசேஜ் வந்திருந்தது.

"அந்த இன்ஜினியரைப் பத்தி நீங்க சொன்னதை யோசிச்சுக்கிட்டே இருந்தேன். புயல்ல எங்க தென்னந்தோப்பு மொத்தமும் சாய்ஞ்சுது. திரும்பக் கன்னு வச்சோம். இன்னிக்கும் புயல் வருதுன்னு டிவியில சொன்னா அப்பாவுக்குச் சோறு இறங்காது. அந்தப் பயம் பழசாகவே இல்ல, ஏன்னா புயல் வந்தா சும்மா போகாது. வெரினா இப்பல்லாம் சும்மா வந்துட்டு சும்மா போறா. அந்த அளவுக்கு நீங்க சொன்னது சரி. ஆனா நான் கட்சி மாறலை."

அதை இரண்டு தடவை படித்தேன். நான் பேசியதை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போய் யோசித்துப் பார்த்ததில்லை. அம்மாவிடம் போய், எனக்கும் சம்மதம் என்றேன்.

தை அறுவடை முடிந்ததும் கல்யாணம். புது சீசனும் அதையொட்டித்தான் வருகிறதாம்.

இந்தத் தொடர் பார்க்கிற நண்பர்களே, வெரினா போதுமா, இன்னும் வேண்டுமா? என் கட்சிக்கு ஆள் தேவைப்படுகிறது. அந்த வீட்டில் அத்தை நேற்று இரவே முதல் சீசனிலிருந்து பார்க்கத் தொடங்கிவிட்டாராம்.