கல்லோடு வெந்த சாமை

அந்தப் பள்ளியின் சமையல் மேலாளருக்குச் சாமை என்றாலே இளக்காரம். "குருவிக்குப் போடறத மனுசன் துன்னுவானா?" என்பார். வரிசையில் தட்டோடு நிற்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் சாமை தின்று வளர்ந்தவர்கள் என்று தெரிந்தேதான் சொல்வார். ஆலங்காயத்திலிருந்து தினமும் பைக்கில் ஏறி வருவதையே ஜவ்வாது மலைக்குச் செய்யும் உபகாரமாக நினைத்த ஆள்.

அதே வளாகத்தில் நான் ஆசிரியர் பயிற்சி படித்தேன். காலையும் மதியமும் சமையலறையில் வேலை செய்தால் விடுதியில் இடம் என்பது ஏற்பாடு. மலையில் தள்ளி இருக்கும் என் ஊர்ப்பக்கமான நெல்லிவாசல் நாட்டிலிருந்து தினமும் வந்துபோக வழியில்லை. விடுதி போனால் படிப்பும் போகும். இது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஒருநாள் சென்னையிலிருந்து விருந்தினர்கள் வருவதாகத் தகவல். அவர்களுக்குச் சிறுதானியச் சாப்பாடுதான் வேண்டுமாம். உடனே மேலாளருக்குச் சாமை மேல் பக்தி பிறந்துவிட்டது. பள்ளிச் சுவரைத் தாண்டினால் சாமைக் கொல்லை. அந்த மகானுபாவரோ ஆலங்காயத்துக் கடையில் பாக்கெட் வாங்கிவந்தார். மலையில் விளைந்து, கீழே இறங்கி, மறுபடியும் மலையேறி வந்த சாமை. அதுவும் விருந்தினர்களுக்கு மட்டும். பிள்ளைகளுக்கு வழக்கமான அரிசிச் சோறு.

ஒரு கை அள்ளிப் பார்த்தேன். பொடிக்கல்.

"சார், கல்லு இருக்குதுங்க. தண்ணியில அரிச்சுத்தாங்க உலையில போடணும்."

"சுத்தம் பண்ணதுன்னு பாக்கெட்லயே போட்டுக்கிறான். உனுக்கு இன்னா தெரியும்? போய் வெங்காயத்த உரி."

உரித்தேன். பாக்கெட்டைக் கிழித்து அவரே அண்டாவில் கொட்டினார். படித்த மேதை, அச்சடித்ததை நம்புகிறார், நன்றாகப் படட்டும் என்று எனக்குள் ஒரே குதூகலம்.

பந்தியில் ஓர் அம்மாள் முதல் வாயிலேயே கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். மேலாளர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

"இவதாம்மா ஆக்கினது. மலக்காரப் பொண்ணு. இதுங்களுக்குச் சுத்தம்னா இன்னான்னே தெரியாது."

அந்த அம்மாள் கோபப்படவில்லை. "உங்க வீட்லயும் இப்படித்தான் சமைப்பீங்களா கண்ணு?" என்று பரிவாகக் கேட்டார். மேலாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

"ஆமாங்க. எங்கம்மா இப்படித்தாங்க ஆக்குவாங்க."

மூன்று தண்ணீரில் அரிக்காமல் ஒரு பிடி சாமையைக்கூட உலையில் போடாதவள் என் அம்மா. அந்த அம்மாள் "பாவம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

பந்தி முடிந்ததும் மேலாளர் விருந்தினர் பாயசத்தில் ஒரு டம்ளர் ஊற்றி என்னிடம் நீட்டினார். புத்திசாலிப் பெண் என்று பாராட்டு வேறு. அற்பன். அந்தப் பாயசத்தை வாங்கி, நின்ற இடத்திலேயே, சொட்டு விடாமல் குடித்தேன்.